பழைய காரின் முன்பக்கத்தில் பிடிபடாத ‘டக் டக்’: தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரில் முன்பக்கம் ஒரு சத்தம் ஆரம்பித்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறோம், ஓட்டிக்கூடப் பார்க்காமல் ‘லோயர் ஆர்ம் போயிருக்கும் சார்’ என்கிறார்கள், மாற்றுகிறார்கள், இரண்டு நாள் குறைந்த மாதிரி இருக்கிறது, மறுபடியும் அதே டக் டக். அப்புறம் லிங்க் ராடு, அப்புறம் ஷாக் அப்சார்பர், அப்புறம் ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்). வண்டியின் விலையில் கால்வாசி உதிரிபாகமாகப் போன பிறகும் சத்தம் அங்கேயே இருக்கும். அந்தப் பழைய பாகங்களில் பாதி நன்றாகவே இருந்திருக்கும் என்பதுதான் கொடுமை.

இரும்பு பாடி முழுக்கச் சத்தத்தைக் கடத்தும். கிளீனர் சைடு (இடப்பக்க) சக்கரத்தில் பிறக்கும் சத்தம் டிரைவர் காலடியில் கேட்கும், டேஷ்போர்டுக்குள் கேட்கும், சில சமயம் பின்சீட்டுக்குக் கீழே கேட்பது போலக்கூட இருக்கும். அதனால் காது ‘எப்போது’ என்று சொல்வதை நம்பலாம், ‘எங்கே’ என்று சொல்வதை நம்ப முடியாது. எங்கே என்பதைக் கையால் தொட்டு, ஆட்டத்தை உணர்ந்துதான் உறுதி செய்ய வேண்டும். கையில் ஆட்டம் தட்டுப்படாத பாகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விதியின்படிதான் போகிறது.

மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவை கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எல்லாவற்றிலும் முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நின்று மேலே பாடியில் மாட்டியிருக்கும், கீழே சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஒரே ஒரு கை, அதுதான் லோயர் ஆர்ம். சுமோ, அம்பாசடர் மாதிரி மேலும் கீழும் ஆர்ம் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில்: எந்தச் சத்தத்தோடு ஓட்டவே கூடாது

எல்லாச் சத்தமும் எரிச்சல் மட்டும் அல்ல. ஆர்மின் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் லோயர் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கி வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். ஸ்டீயரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்காது. வீல் நட்டு லூசானால் சக்கரமே கழன்று ஓடும். திடீரென்று தொடங்கி நாளுக்கு நாள் ஏறும் சத்தம், ஸ்டீயரிங்கில் புதிதாக ஒரு தளர்ச்சி, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, இரும்பும் இரும்பும் உரசும் கர் சத்தம், இந்த நான்கில் எது இருந்தாலும் சாலையில் வைத்துச் சோதனை செய்யும் பேச்சே வேண்டாம். வீல் நட்டுகளை இப்போதே ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். டயர் மாற்றி, பஞ்சர் ஒட்டி, அலைன்மென்ட் செய்து ஒன்றிரண்டு நாளில் சத்தம் வந்திருந்தால் முதல் சந்தேகமே அதுதான். நட்டு டைட்டாகத்தான் இருக்கிறது என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லை டோ செய்து அனுப்புங்கள்.

வண்டியைக் காலி செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம், இது உண்மையான முதல் படி. டிக்கியில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணீர் கேன், குளோவ் பாக்ஸில் சில்லறை, கதவுப் பையில் பாட்டில், சாவிக்கொத்தில் தொங்கும் மற்ற சாவிகள், ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் கொக்கி, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் அல்லது கட்டுங்கள். டாடா நானோவில் ஸ்டெப்னியே முன்னால் பானெட்டுக்குள்தான் இருக்கும், அது லூசாக இருந்தால் ஸ்ட்ரட் சத்தம் மாதிரியே கேட்கும்.

அப்புறம் பானெட்டைத் திறந்து சஸ்பென்ஷனோடு சம்பந்தமே இல்லாதவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பேட்டரி கிளாம்ப் முதலில். பேட்டரி மாற்றுபவர்கள் கிளாம்பைச் சரியாகப் போடாமல் போவது சாதாரணம். பத்து கிலோ எடையுள்ள பெட்டி பள்ளத்தில் குதித்தால் என்ன சத்தம் வருமோ அதே டொக் வரும். பானெட் முட்டும் ரப்பர்கள், பானெட்டைத் தாங்கும் கம்பி, ரேடியேட்டர் ஃபேன், ஹாரன் பிராக்கெட், நம்பர் பிளேட், பம்பர் கிளிப்புகள், சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் லைனர், வீல் கேப். வீல் கேப்பைக் கழற்றி வைத்துவிட்டே மற்ற சோதனைகளைச் செய்யுங்கள். சைலன்சர் குழாயின் முன்பகுதியில் தகரக் கவசம் துருப்பிடித்து அதிரும், இன்ஜின் ஓடும்போதே ஸ்ஸ்ர்ர் என்று கேட்கும்.

சத்தத்தைக் கூப்பிட்டால் வர வைப்பது

‘எப்பவாவது வரும்’ என்கிற சத்தத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்த இடத்தில், எந்த வேகத்தில், என்ன செய்தால் தவறாமல் வருகிறது என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு ஸ்பீட் பிரேக்கர், ஒரு ஒற்றைப் பள்ளம், கொஞ்ச தூரம் சிறு சிறு மேடுபள்ளம் உள்ள சாலை (பேவர் பிளாக் பதித்த தெரு அருமையானது), முழு வளைவில் வண்டி சுற்ற ஒரு காலி மைதானம், பக்கத்தில் நீளமான காம்பவுண்ட் சுவர் உள்ள ஒரு தெரு, இவ்வளவு இருந்தால் போதும். சுவர் எதற்கு என்றால், கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் அந்தப் பக்கச் சக்கரத்தின் சத்தம் திரும்பி வந்து காதில் விழும். இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்பதில் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

இப்போது மிக முக்கியமான சோதனை. ஸ்பீட் பிரேக்கரில் நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறுவது போல ஏறி இறங்குங்கள். அடுத்து அதே இடத்தில் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னாலும் மற்றது பின்னாலும் ஏறுவது போலப் போங்கள். ஸ்டெபிலைசர் பார் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே போனால் அதற்கு வேலையே இல்லை, சும்மா கூடவே மேலே போகும். ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் அது முறுகும், அப்போதுதான் பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடுக்கும், பாரைப் பாடியோடு பிடிக்கும் ரப்பரான பார் புஷ்ஷுக்கும் சுமை வரும். ஆகவே சாய்வாகப் போனால் டக் டக் வருகிறது, நேராகப் போனால் அமைதியாக இருக்கிறது என்றால், லிங்க் ராடும் பார் புஷ்ஷும் பட்டியலின் உச்சிக்குப் போகின்றன. நேராக ஏறினாலும் ‘தொம்’ என்று வருகிறதென்றால் ஷாக், ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியில் மாட்டும் பாகம்), உடைந்த ஸ்பிரிங் பக்கம் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சந்தேகம் கழிந்துவிடும்.

இதற்கு எந்த வேகத்தடை என்பதும் முக்கியம். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கு. தெருவாசிகள் தாங்களே சிமென்ட் போட்டு எழுப்பும் குறுகலான மேட்டில் ஷாக் முழுக்க அமுங்கி முட்டும், புது வண்டியிலும் அங்கே சத்தம் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டியவை

சுற்றின் மற்ற இடங்களில் ஒவ்வொன்றாக.

மேடுபள்ளமான சாலையில் மெதுவாகப் போகும்போது இடது காலால் பிரேக்கை லேசாக, வண்டி நிற்காத அளவுக்கு மட்டும் தொட்டு வையுங்கள். தகரம் குலுங்குவது போன்ற கட கட சத்தம் அந்த நொடியே நின்றால் அது சஸ்பென்ஷனே அல்ல. பிரேக் பேட் அல்லது அதை அழுத்தும் காலிப்பர் ஆடுகிறது. பேடைப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் கிளிப்புகளைப் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது காலிப்பர் சறுக்கும் பின் தேய்ந்திருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. இதற்காக ரேக் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

முன்னால் போய் பிரேக், பின்னால் வந்து பிரேக். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் ஒரே ஒரு சின்ன க்ளிக் வந்தால் பேட் தன் இடத்தில் நகர்ந்து உட்கார்கிறது, அதை விட்டுவிடலாம். கனமான ‘டொக்’ வந்து அது பாதத்தில் தெரிந்தால் லோயர் ஆர்மின் பின்புஷ் கிழிந்திருக்கலாம். மாருதி 800, ஆல்ட்டோவில் ஸ்டெபிலைசர் பாரின் முனையே ஆர்முக்குள் போய் அதை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்கிறது, அங்கே உள்ள ரப்பர் வாஷர்கள் போனாலும் பிரேக்கில் இதே டொக்தான்.

காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வட்டம் போடுங்கள். டக் டக் டக் என்று சக்கரம் சுற்றும் தாளத்தில் வந்து, வேகம் கூட்டினால் தாளமும் கூடினால் ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட், அதாவது சக்கரப் பக்கம் உள்ளது. பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தில் அதிகமாகக் கேட்கும். இது மற்றவற்றோடு குழம்பாத சத்தம், ஒருமுறை கேட்டால் மறக்காது. கியர்பாக்ஸ் பக்கம் உள்ள உள் ஜாயின்ட் போனால் வேறு மாதிரி, நேர்ச் சாலையில் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி நடுங்கும், காலை எடுத்தால் நடுக்கம் போகும்.

தாளம் என்று சொன்னேன் அல்லவா, அதை எண்ணியே பார்க்கலாம். ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர் போகும், 10 கி.மீ. வேகத்தில் பத்து விநாடிக்குப் பதினாறு சுற்று. ஸ்விஃப்டின் 165/80 ஆர்14 என்றால் சுமார் பதினான்கு. பக்கத்தில் இருப்பவரைக் கைப்பேசியில் பத்து விநாடி பதிவு செய்யச் சொல்லி எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்தால் சத்தம் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது: டயரில் குத்திய ஆணி, டயர் வீக்கம், வளைந்த டிஸ்க், டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் மாட்டிய கல். எண்ணிக்கை பொருந்தவில்லை, சாலைக்கு ஏற்றபடி தாறுமாறாக வருகிறது என்றால் சுற்றாத பாகம்.

ஊஊங் என்று வேகத்தோடு ஏறும் சத்தம் வீல் பேரிங்கா டயரா என்பது எல்லோரும் தடுமாறும் இடம். 50, 60 கி.மீ. வேகத்தில் காலியான நல்ல சாலையில் நீளமான வளைவில் போகும்போது கவனியுங்கள். இடப்பக்க வளைவில் எடை வலப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது. வளைவில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் வழவழப்பான புதுத் தார்ச்சாலைக்கு வந்ததும் சத்தம் மாறுகிறது என்றால் டயர். உள்ளங்கையால் டயர் மேற்பரப்பை இரண்டு திசையிலும் தடவிப் பாருங்கள், ரம்பப் பல் மாதிரி ஒரு திசையில் மட்டும் சொரசொரத்தால் ஷாக் பலவீனம் அல்லது அலைன்மென்ட் கோளாறு டயரைத் தின்றிருக்கிறது. சக்கரங்களை முன்பின் மாற்றிப் போட்டுப் பாருங்கள், சத்தமும் இடம் மாறினால் சந்தேகமே இல்லை.

ஓடும்போது நியூட்ரலில் விட்டால் நிற்கும் சத்தம் இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) அல்லது உள் ஜாயின்ட் பக்கம் கைகாட்டும். இந்தச் சோதனைக்காக ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிடாதீர்கள், பிரேக் பெடல் கட்டை மாதிரி இறுகிவிடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

மழை பெய்தால் காணாமல் போய் வெயிலில் திரும்பும் ‘கீச்’ காய்ந்த ரப்பர் புஷ். உறுதி செய்ய ஒவ்வொரு புஷ்ஷாகச் சோப்புத் தண்ணீர் தெளித்து வண்டியை அமுக்கிப் பாருங்கள், எதில் தெளித்ததும் கீச் நின்றதோ அதுதான். கிரீஸோ டீசலோ அடிக்காதீர்கள், ரப்பர் ஊறி உப்பி வீணாகும்.

கழுவுவதற்கு முன் கீழே பாருங்கள்

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். சத்தம் தேடும்போது அதைச் செய்யாதீர்கள். அழுக்கில்தான் தடயம் இருக்கிறது. சுற்றிலும் மண் அப்பியிருக்க ஓரிடத்தில் மட்டும் இரும்பு பளபளவென்று இருந்தால் அங்கே ஏதோ உரசுகிறது. போல்ட் தலையைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி மெல்லியதாகப் படிந்திருந்தால் அந்த போல்ட் லூசாகி நகர்கிறது. ரிம்மின் உட்புறத்தில் வட்டமாகக் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்ஸில் ஜாயின்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் ஷாக் கசிகிறது.

இவற்றை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, டார்ச் அடித்து, தரையில் நின்றபடியே பார்க்கலாம். அப்படியே ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றையும் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடும் பழைய வண்டிகளில் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் இங்கேதான், துண்டு அப்படியே ஸ்பிரிங் உட்காரும் தட்டிலேயே கிடக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் முழுசாகவே தெரியும். முனை இயல்பாக வெட்டிய மாதிரி இருக்கிறதா, ஒழுங்கில்லாமல் முறிந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். முறிந்திருந்தால் அந்த முனை டயரைக் கிழிக்கும், வண்டியை நகர்த்தாதீர்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரி தண்ணீரில் நின்ற வண்டியை செகண்ட்ஸில் வாங்கியிருந்தால் பேரிங், பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். ரப்பர் உறைக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் கிரீஸைக் கெடுத்திருக்கும், விளைவு வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

வண்டி தரையில் நிற்கும்போதே செய்யும் சோதனைகள்

இனிமேல் ஓர் உதவியாள் வேண்டும்.

இன்ஜினை ஆஃப் செய்து, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை மட்டும் திருப்பி வைத்து, உதவியாளை ஸ்டீயரிங்கை ஓர் அங்குல அளவுக்கு மட்டும் இடம் வலம் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து டை ராடு எண்டைக் கையால் சுற்றிப் பிடியுங்கள். ஆட்டம் இருந்தால் விரலில் ‘டிக்’ என்று தட்டும். அடுத்து ரேக்கின் ரப்பர் உறையை அமுக்கி உள்ளே இருக்கும் ரேக் எண்டை, அதாவது டை ராடு ரேக்கோடு சேரும் முனையைப் பிடித்துப் பாருங்கள். அதன்பின் கேபினுக்குள் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட். மூன்றிலும் தட்டல் இல்லாமல் ரேக் உடம்பிலேயே உணர்ந்தால் மட்டும் ரேக் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். ‘ரேக் போச்சு’ என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையை உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள், காரணம் இது விலை கூடிய பாகம், தவறான தீர்ப்பும் இதில்தான் அதிகம்.

அடுத்து உதவியாள் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பட்டும். நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள், சுற்றுகளுக்கு நடுவில் விரலை விடாதீர்கள். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கேறி ‘டங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங் போய்விட்டது.

இன்ஜின் மவுண்டுக்கு: பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சைப் பிடிக்கத் தொடங்கும் அளவுக்கு மட்டும் விட்டு உடனே மிதிக்க வேண்டும், அப்புறம் ரிவர்ஸிலும் அதே போல. பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், எக்காரணம் கொண்டும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அல்ல. இன்ஜின் கொஞ்சம் சாய்வது இயல்பு, தூக்கிப் போட்டு ‘டொக்’ என்று முட்டினால் மவுண்ட்.

ஜாக்கி போட்டுப் பார்ப்பது

சமதளம், கியரில் வண்டி, ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. மேனுவலில் காட்டிய இடத்தில் ஜாக்கி, உடனே ஜாக் ஸ்டாண்ட். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் கீழே விடாதீர்கள். ஹாலோ பிளாக்கோ செங்கலோ தாங்கும் என்று நினைக்காதீர்கள், அவை விரிசல் விடாமல் ஒரேயடியாக நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லையென்றால் பிட் அல்லது ராம்ப் உள்ள ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேரம் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

சக்கரம் தொங்கும்போது மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடம். பிறகு 9, 3 இருக்கும் இடம். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்டு, ரேக் எண்டு. மேலும் கீழும் ஆட்டம் என்றால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட், இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: உதவியாளைப் பிரேக்கை இறுக்கி மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், ஏனென்றால் பிரேக் பிடித்ததும் சக்கரத்தோடு சுற்றும் ஹப்பும் அதைத் தாங்கும் சுற்றாத நக்கிளும் ஒரே துண்டாகிவிடும். பிரேக் பிடித்தும் ஆட்டம் மாறாமல் இருந்தால் பால் ஜாயின்ட்.

பேரிங்குக்கு இன்னொரு சோதனை: நியூட்ரலில் விட்டு ஒரு கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். மறுபக்கச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

மேக்ஃபர்சன் வண்டியில் கீழ் பால் ஜாயின்ட் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை, அதனால் சக்கரத்தைத் தொங்கவிட்டே பார்க்கலாம். சுமோ, அம்பாசடர் போல எடை ஆர்ம் வழியாக இறங்கும் வண்டிகளில் பாடியைத் தூக்கினால் ஜாயின்ட் இறுகியே இருக்கும், ஆட்டம் தெரியாது. அங்கே கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத்தான் சக்கரத்தைத் தூக்க வேண்டும்.

இனி லீவர். ஒன்றரை இரண்டடி நீள டயர் லீவரோ சின்னக் கடப்பாறையோ போதும். ஆர்மின் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் பக்கத்தில் கொடுத்து நெம்புங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் அமுங்கி விட்டதும் திரும்பிவிடும். போன புஷ்ஷில் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து வாய் திறக்கும், அல்லது ‘டொக்’ என்று நீங்கள் தேடும் அதே சத்தம் கேட்கும். லேசான மேல்வெடிப்பைப் பார்த்துவிட்டு மாற்றாதீர்கள், பதினைந்து வருட ரப்பரில் அது இருக்கத்தான் செய்யும். சப்ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் தனிச் சட்டம்) உள்ள வண்டியில் அதன் போல்ட்களையும், பார் புஷ்ஷைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்களையும் ஸ்பேனர் போட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். லூசான போல்ட் இலவசமாகத் தீரும் சத்தம், அதைக் கடைசியில் பார்ப்பதில் அர்த்தமில்லை.

லிங்க் ராடு மட்டும் ஜாக்கியில் ஏமாற்றும். ஒரு சக்கரம் தூக்கிய நிலையில் பார் முறுகி லிங்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும், கையால் ஆட்டினால் புதுசு மாதிரி இருக்கும். இரண்டு முன்சக்கரமும் தரையில், அல்லது இரண்டும் தொங்கும் நிலையில் பிடித்து வேகமாக ஆட்டினால்தான் தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரைக் கம்பியால் கட்டி வைத்து, அதே சுற்றில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், 20, 30 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். தனி லிங்க் ராடு உள்ள வண்டிக்கு மட்டும்தான் இது. மாருதி 800, ஆல்ட்டோவில் பாரைக் கழற்றி ஓட்டவே கூடாது, அங்கே ஆர்மைப் பிடித்திருப்பதே அந்தப் பார்தான்.

இவ்வளவு பார்த்தும் கிடைக்கவில்லை என்றால்

சட்டையில் குத்தும் வயர்லெஸ் காலர் மைக் இப்போது பலரிடம் இருக்கிறது. அதை ஒரு துணியில் சுற்றி, கேபிள் டையால் லோயர் ஆர்மில் கட்டி, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே சுற்றில் ஓட்டுங்கள். அப்புறம் ஸ்ட்ரட்டில், அப்புறம் ரேக் பக்கத்தில், அப்புறம் மறுபக்கம். டயர், ஆக்ஸில், சூடான சைலன்சர் எதிலும் படாமல் கட்ட வேண்டும். சத்தம் எங்கே கட்டியபோது கூர்மையாக, மற்ற இரைச்சலுக்கு மேலே எழுந்து கேட்கிறதோ அங்கே லீவரோடு திரும்பிப் போங்கள்.

எங்கள் வீட்டுப் பழைய ஹேட்ச்பேக்கில் ஒரு ஒர்க்‌ஷாப் ஆர்ம் இரண்டையும் மாற்றிய பிறகும் போகாத ‘டக்’ இப்படித்தான் சிக்கியது. ஸ்ட்ரட்டில் மைக் கட்டியபோது துல்லியமாகக் கேட்டது. மேலே பானெட்டுக்குள் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஷாக் ராடின் தலை நட்டு பாதிச் சுற்று லூசு.

புது ஷாக் போட்ட பிறகு வரும் சத்தத்துக்கும் இதுதான் முதல் காரணம். ராடைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்க வேண்டும், அவசரத்தில் காற்றில் நட்டு முறுக்கும் கன்னைப் போட்டு அடித்தால் ராடும் சேர்ந்து சுற்றும், நட்டு இறுகிய மாதிரி தெரியும். ஸ்பிரிங்கின் முனை கீழ்த் தட்டின் படியில் சரியாக உட்காராமல் இருப்பது, பழைய மவுண்டையே திரும்பப் போட்டது, ஷாக் முழுக்க அமுங்கும்போது தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை விட்டுவிட்டது, இவை அடுத்தடுத்த காரணங்கள்.

பாகம் வாங்குவதும் பொருத்துவதும்

ஆட்டம் உள்ள பாகம் கையில் சிக்கிவிட்டது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் நல்ல கம்பெனி பாகங்கள் கிடைக்கும், நிறுத்தப்பட்ட மாடலுக்குப் புதுப்பேட்டை. ஆனால் பால் ஜாயின்ட், டை ராடு எண்டு, புஷ் மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள், வெளியே பார்த்து உள்தேய்மானத்தைச் சொல்ல முடியாது, ரப்பரோ ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். பில் இல்லாத மலிவான ஆர்மில் புஷ் சீக்கிரம் கிழியும், அதே சத்தம் அதே வருடத்தில் திரும்பும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், லிங்க் ராடும் ஜோடியாக மாற்றுவது நல்லது, பேரிங் போன பக்கம் மட்டும் போதும். ஆக்ஸில் பூட் கிழிந்து இன்னும் சத்தம் வரவில்லை என்றால் கழுவிப் புதுக் கிரீஸ் போட்டுப் பூட் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், டக் டக் தொடங்கிவிட்டால் ஜாயின்டே மாற்ற வேண்டும்.

பொருத்தும்போது நீங்கள் பக்கத்தில் நின்று வலியுறுத்த வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டு, வண்டியை இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் இருக்கும், கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். கையால் பிடிக்கும் அளவுக்குப் போட்டுவிட்டு, வண்டி முழு எடையோடு சக்கரத்தில் நின்ற பிறகு மேனுவல் சொல்லும் முறுக்குவிசை (டார்க்) அளவில் இறுக்க வேண்டும். ‘புது ஆர்ம் போட்டு ஆறு மாசத்துல போயிடுச்சு’ என்கிற புகார்கள் பலவற்றுக்கு இதுவே காரணம். பால் ஜாயின்ட்டிலும் ஆக்ஸில் நட்டிலும் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் பழையதை நிமிர்த்திப் போடாமல் புதுசு போடச் சொல்லுங்கள். ஆர்மோ டை ராடோ ஸ்ட்ரட்டோ கழற்றினால் அலைன்மென்ட் கட்டாயம்.

நீங்களே செய்யாமல் மெக்கானிக்கிடம் விடுவதாக இருந்தால் ‘முன்னாடி சத்தம் வருதுண்ணே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘கிளீனர் சைடு, சாய்வா மேட்டுல ஏறினா 10 கி.மீ. வேகத்துல டக் டக்னு வருது, நேரா ஏறினா இல்ல, பிரேக் தொட்டாலும் நிக்கல’ என்று சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே சுற்றில் ஓட்டிக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டதும் நேராக லிங்க் ராடுக்குப் போவார். மாற்றிய பிறகு பணம் கொடுக்கும் முன் மறுபடியும் அதே மேடு, அதே வேகம், அதே சாய்வு. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி ஆட்டிப் பாருங்கள். நூறு கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளையும் கழற்றி மாட்டிய போல்ட்களையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுச் சரிபாருங்கள்.